ஒற்றைச் சக்கரமும் இடுப்புக் கயிறும்

அந்தச் சாயங்காலம் கருவாட்டுத் தளத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சங்கு குளிக்கும் இன்னாசி இருந்தார். அவர் மனைவி ஜெயஷீலா இருந்தார். ஜெயஷீலாவின் தம்பி, கப்பலில் வேலை பார்க்கும் ரெக்சன் இருந்தார். இன்னாசியின் மகள், ஆறாம் வகுப்பு படிக்கும் பிலோமி இருந்தாள். தளத்தின் ஓரத்தில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. அவ்வளவுதான்.

முக்கு டீக்கடை இசக்கிராஜா அண்ணாச்சி அங்கே இல்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

இன்னாசியின் குடும்பம் தூத்துக்குடிக் கடற்கரையில் தலை நிமிர்ந்து நடக்கிற குடும்பம். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அந்தத் தாத்தாவின் தாத்தாவும் கடலுக்குள் இறங்கி முத்தும் சங்கும் எடுத்தவர்கள். அந்த வீட்டார் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க மாட்டார்கள். யாரையும் குறை பேச மாட்டார்கள். ஒரே ஒரு சின்னப் பழக்கம் மட்டும் உண்டு. கீழே விழுந்தால் "விழுந்தேன்" என்று சொல்ல மாட்டார்கள். "சும்மா உக்காந்தேன்" என்பார்கள்.

அந்த வீட்டுக்குத்தான், கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், ஒற்றைச் சக்கரம் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் ரெக்சன் மாமா. விடுமுறையில் வந்த மாமா பெட்டியைப் பிரித்தபோது எல்லோரும் சுற்றி நின்றார்கள். அது பார்ப்பதற்குக் கறுப்புச் சூட்கேஸ் மாதிரி இருந்தது. மேலே ஒரு கைப்பிடி. நடுவில் தடித்த டயர். இரண்டு பக்கமும் மடக்கி வைத்த மிதிகள். மாமா அவற்றை விரித்ததும், மணலில் படுத்திருந்த திருக்கை மீன் சிறகை விரித்தது போல் இருந்தது.

"இன்னொரு சக்கரம் எங்க மாமா? கப்பல்லயே விட்டுட்டு வந்துட்டியளா?" என்று கேட்டாள் பிலோமி.

"இதுக்கு ஒண்ணுதான் மருமவளே. கரண்டுல ஓடும். பிடிக்கதுக்கு ஹேண்டில் பார் கிடையாது, பிரேக் கிடையாது. முன்னால சாய்ஞ்சா போவும். பின்னால சாய்ஞ்சா நிக்கும்."

"பக்கவாட்டுல சாய்ஞ்சா?" என்றார் அம்மா.

மாமா சற்று யோசித்தார். "சாயக் கூடாதுக்கா."

பெட்டிக்குள் இரண்டு பிளாஸ்டிக் பைகளும் இருந்தன. தலைக்கவசம், மணிக்கட்டுக்கும் முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசங்கள். ஒரு பையில் பெரிய அளவு, ஒரு பையில் சின்ன அளவு. மாமா இரண்டையும் பிரிக்கவேயில்லை. "ஆடுற கப்பல்ல ஏணியில ஏறி இறங்குறவன் நான். எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று அவற்றைக் குடிலுக்குப் பின்னால் வைத்துவிட்டார். வீட்டில் ஜோடித்த கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று ராஜாக்களும் ஒட்டகங்களும் அந்தப் பைகளின் மேல் சாய்ந்து நின்றார்கள்.

பிறகு மாமா தெருவில் ஏறிக் காட்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தார். இன்னொரு காலையும் வைத்தார். சக்கரம் கிளம்பியது. மாமாவும் கிளம்பினார், ஆனால் வேறு பக்கமாக. கைக்கு அகப்பட்ட கொடிக் கயிற்றைப் பிடித்தார். கொடி அறுந்து, அம்மாவின் நீலச் சேலையைப் போர்த்திக்கொண்டு தரைக்கு வந்தார். தனியாகப் போன சக்கரம் கல்லில் இடித்து, சுழன்று திரும்பி வந்து, மிதியால் அவர் கெண்டைக்காலில் ஒன்று வைத்தது.

"விழுந்துட்டியா மச்சான்?" என்று அப்பா கேட்டார்.

"விழல மச்சான். சும்மா உக்காந்தேன்" என்றார் சேலைக்குள்ளிருந்து மாமா. காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

மருந்து போட்டுவிட்டு அம்மா எழுந்து நின்றார். அம்மா எழுந்து நின்று பேசினால் அந்த வீட்டில் அதற்குமேல் பேச்சு கிடையாது.

"ஏலே ரெக்சா, கேட்டுக்கோ. ஜனவரி ஆறு, மூணு ராசாக்கள் திருநாள் கழிஞ்சு நீ கப்பலுக்குப் போவணும். அதுக்குள்ள இந்த வீட்டுல இன்னொரு ஆளுக்குக் காயம் பட்டுது, இந்தச் சக்கரத்தையும் கூட்டிக்கிட்டுத்தான் போவ. படலன்னா பிலோமிக்கு விட்டுட்டுப் போ."

பிலோமி சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கா?

அவள் ஏன் அப்படி ஆசைப்பட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா கடலிலிருந்து வந்ததும், சோறு சாப்பிட்டுக்கொண்டே கீழே பார்த்ததைச் சொல்வார். "கீழ உடம்புக்கு எடையே கிடையாதுளா. கால் தரையில படாது. ஒரு சத்தம் இருக்காது. நெனச்ச பக்கம் போவலாம். மணல் மேல நிழல் மட்டும் கூட வரும்." கேட்கும்போதெல்லாம் பிலோமியின் கண்கள் பாதி மூடிக்கொள்ளும். ஒரு தடவையாவது அப்படிப் போக வேண்டும். எடையில்லாமல், சத்தமில்லாமல், நிழல் மட்டும் கூட வர.

மாமா பொத்தானை அழுத்தியபோது சக்கரம் மெல்ல "ம்ம்ம்" என்றது. சங்கைக் காதில் வைத்தால் கேட்குமே, அதே சத்தம். அப்போதே பிலோமி தீர்மானித்துவிட்டாள்.

அவள் ஏறிப் பழக அப்பா சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை.

"கயிறு கட்டாம இந்தக் குடும்பத்துல யாரும் இறங்குனது கிடையாது" என்றார். "நீயும் கட்டிக்கிட்டுத்தான் ஏறணும்."

சங்கு குளிக்கிறவர்களின் வழக்கம் அது. இறங்குகிறவர் இடுப்பில் ஒரு கயிறு. மறுமுனை படகில் இருக்கும் மச்சான் கையில். அக்காவோ தங்கையோ கண்கலங்கக் கூடாது என்று நினைக்கிறவன் மச்சான்தானே? அதனால் உயிர்க்கயிற்றை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்கள். கப்பல் வேலைக்குப் போகுமுன் அப்பாவின் கயிற்றை ரெக்சன் மாமாதான் பிடித்தார். இப்போது மாமாவின் தம்பி, பிலோமியின் சின்ன மாமா, பிடிக்கிறார்.

எனவே ஒரு நாள், அம்மா வீட்டில் இருக்கையில், கருவாட்டுத் தளத்தில், காய்ந்த மீனை எல்லாரும் அள்ளிக்கொண்டு போன பிறகு, பிலோமியின் இடுப்பில் அப்பா கயிற்றைக் கட்டினார். மறுமுனையை மாமா கையில் கொடுத்தார். அகலமான சிமெண்ட் தளம். மூன்று பக்கமும் யாருமில்லை. நான்காவது பக்கம் கடல்.

பிலோமி ஒரு காலை வைத்தாள். இன்னொரு காலை வைத்தாள். சக்கரம் "ம்ம்ம்" என்று நகர்ந்தது. நிஜமாகவே நகர்ந்தது! அவள் லேசாக ஆடினாள்.

ஆடியதைப் பார்த்ததும் மாமாவுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு கையாலும் கயிற்றைச் சரசரவென்று இழுத்தார்.

கடலில் இழுத்தால் ஆள் மேலே வருவார். தரையில் இழுத்தால் என்ன ஆகும்? பிலோமி பின்பக்கமாகப் பறந்து, மல்லாந்து விழுந்தாள். விழும்போது கையைப் பின்னால் ஊன்றினாள். ஆளில்லாத சக்கரம் தளத்தின் விளிம்புவரை ஓடிப் போய்த் துள்ளி விழுந்தது. செவலை நாய் எழுந்து ஓடியது.

"என்னளா ஆச்சு?" என்று அப்பா ஓடி வந்தார்.

"சும்மா உக்காந்தேன்பா" என்றாள் பிலோமி. வலது மணிக்கட்டுக்குள் யாரோ ஊசியால் குத்துவது போல் இருந்தது.

இன்னொரு தடவை ஏறினாள். மாமா இன்னொரு தடவை இழுத்தார். அன்றைக்கு அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா மோந்து பார்த்தார். "தலையெல்லாம் சாளைக் கருவாடு மணக்குது. தளத்துலயா உருண்டே?"

"காத்துலம்மா."

அம்மா தட்டை எடுத்து வைத்தார். சோறு போட்டார். பிலோமி போய் ஒரு ஸ்பூன் எடுத்துவந்தாள்.

மீன் குழம்புச் சோற்றை அந்த வீட்டில் யாரும் ஸ்பூனால் சாப்பிட்டதில்லை. அம்மா ஸ்பூனைப் பார்த்தார். பிறகு பிலோமி மடியில் மறைத்து வைத்திருந்த வலது கையைப் பார்த்தார்.

"காட்டு."

மணிக்கட்டு கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது.

மருத்துவமனையில் எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்றார்கள். கட்டுப் போட்டு, வீக்கமும் வலியும் போகும்வரை கையைச் சும்மா வைத்திருக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா சக்கரத்தைப் பெட்டியில் வைத்து மூடினார். மாமாவின் கப்பல் பைக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி போய் உட்கார்ந்தது.

விடுமுறை நாட்கள் மெதுவாக நகர்ந்தன. வாசலில் கட்டியிருந்த காகித நட்சத்திரம் கடல் காற்றில் சுழன்றது. மத்தியானத்தில் பிலோமி பாயில் படுத்து அதையே பார்ப்பாள். பக்கத்தில் அப்பா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருப்பார்.

"அப்பா, நீங்க கீழ இருக்கையில சின்ன மாமா கயிறை இழுத்துக்கிட்டே இருப்பாகளா?"

"அப்படி இழுத்தா எப்படிளா சங்கு எடுக்கது? நான் அசைச்சாத்தான் இழுக்கணும். அதுவரைக்கும் சும்மா தளர விட்டுக்கிட்டு, கவனிச்சுக்கிட்டு இருக்கணும்."

பிலோமி அந்தப் பேச்சிலேயே தூங்கிப் போனாள். ஒரு கனவு வந்தது. கடலுக்கடியில் பச்சை வெளிச்சம். வெள்ளை மணலில் அவள் நிற்கிறாள். இடுப்பில் கயிறு. எதிரே சக்கரம் தனியாக, மெதுவாக, சங்குகளுக்கு நடுவே உருண்டு போகிறது. அவள் கை நீட்டுகிறாள். அதற்குள் யாரோ அவளை மேலே மேலே இழுக்கிறார்கள். சக்கரம் தூரத்தில், பச்சை இருட்டுக்குள், தொலைந்தே போகிறது. அதைப் பிடிக்க அங்கே ஒரு கயிறும் இல்லை.

விழித்துக்கொண்டாள். நட்சத்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. பிலோமி சிரித்தாள்.

வீக்கம் வடிந்து, கட்டு அவிழ்ந்து, கையை எந்தப் பக்கம் திருப்பினாலும் வலிக்காத பிறகு, அவள் நேராக அம்மாவிடம் போனாள். பாவாடையைக் கொஞ்சம் தூக்கி, கெண்டைக்காலில் மிதி பட்டுக் கன்றியிருந்த இரண்டு நீலத் தடங்களையும் காட்டினாள். முழங்கையையும் காட்டினாள்.

"இதெல்லாம் எப்போ?" என்றார் அம்மா.

"அன்னைக்குத்தான். மறைச்சுட்டேன். இனிமே மறைக்கல. அம்மா, ஒரே ஒரு சாயங்காலம் நீங்க தளத்துக்கு வாங்க. உங்க கண்ணு முன்னாலயே ஏறுதேன். அங்கன ஒரு காயம் பட்டாலும் பெட்டிய நானே மாமா பையில தூக்கி வைக்கேன்."

அம்மா குனிந்து அந்தத் தடங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த வீட்டில் யாரும் தானாக வந்து காயத்தைக் காட்டியதில்லை.

"சரி" என்றார். "ஒரு சாயங்காலம்."

அதுதான் முதலில் சொன்ன சாயங்காலம். மறுநாள் மூன்று ராஜாக்கள் திருநாள்.

பிலோமி குடிலுக்குப் பின்னாலிருந்து சின்னப் பையைப் பிரித்தாள். ஒட்டகம் ஒன்று சாய்ந்து விழுந்தது. அதை நிமிர்த்தி வைத்தாள். தலைக்கவசம், மணிக்கட்டுக் கவசம், முழங்கால், முழங்கை என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டாள்.

"உடம்பெல்லாம் ஓடு போட்ட சிங்கி றால் மாதிரி இருக்கே" என்றார் மாமா.

"சிங்கி றாலுக்கு அடிபட்டு எப்பவாச்சும் பாத்திருக்கியளா மாமா?"

அப்பா கயிற்றோடு வந்தார். பிலோமி இடுப்பைக் காட்டவில்லை.

"என்னளா இது? கயிறு இல்லாமலா?" அப்பாவின் முகம் மாறிவிட்டது. "நம்ம குடும்பத்துல..."

"கயிறு இல்லாம ஏற மாட்டேன்பா. நிச்சயமாக் கட்டணும்" என்றாள் பிலோமி. "ஆனா கடல்ல தொலைஞ்சு போறது ஆளு. அதனால ஆளுக்குக் கட்டுதிய. இங்கன நான் எங்க போவப் போறேன்? தொலைஞ்சு ஓடுறது சக்கரம்தான். அதனால சக்கரத்துக்குக் கட்டுவோம். மறுமுனைய நான் பிடிச்சுக்கிடுதேன். நான் இறங்குனாலும் அது ஓடாது. திரும்பி வந்து கால்ல அடிக்காது."

அப்பா கயிற்றையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்பா குனிந்தார். சக்கரத்தின் கைப்பிடியில் கயிற்றை அவரே கட்டினார். தன் இடுப்பில் போடுகிற அதே முடிச்சு. ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். மறுமுனையைப் பிலோமியின் கையில் வைத்தார்.

"தளர விட்டுப் பிடி" என்றார். "கையில சுத்திக்கிடாதே."

"அப்போ நான் என்ன பிடிக்க?" என்று மாமா இரண்டு வெறுங்கையையும் நீட்டினார்.

"ஒண்ணும் பிடிக்கக் கூடாது மாமா. கூடவே ஓடி வரணும். நான் கூப்பிட்டாத்தான் பிடிக்கணும்."

மாமா கைகளைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். கப்பலில்கூட அவர் அவ்வளவு கஷ்டமான வேலை பார்த்ததில்லை.

பிலோமி முதலில் ஏறப் பழகவில்லை. இறங்கப் பழகினாள். ஒரு காலை மிதியில் வைத்து, சக்கரத்தைக் கெண்டைக்காலோடு ஒட்டி, மறுகாலால் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம். சாய்ந்தால் உடனே கால் ஊன்றி ஓட்டம். கயிறு சக்கரத்தை நிறுத்தி வைத்தது. மறுபடியும். மறுபடியும். பிறகுதான் இரண்டாவது கால்.

சக்கரம் இடது பக்கம் சாய்ந்தது. பிலோமி முழங்கால் தரையில் பட விழுந்து, கைகளால் சிமெண்டில் சறுக்கிப் போய் நின்றாள். கவசம் கரகரவென்று சத்தம் போட்டது. மாமாவின் கை பையிலிருந்து பாதி வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது.

"என்னளா ஆச்சு?" என்றார் அம்மா.

எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பிலோமிக்கு வாய்வரை வந்தது, அந்தப் பழைய பதில்.

"விழுந்தேம்மா" என்றாள். "வலிக்கல."

அம்மா வந்து முழங்காலைப் பார்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். கவசத்தில்தான் கீறல். தோலில் ஒன்றுமில்லை. திரும்பிப் போய் நின்றார்.

மறுபடி ஏறினாள். மறுபடி விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்ததை அவளே கவனித்தாள். தலையை நிமிர்த்தினாள். தூரத்தில், துறைமுகத்துக்கு வெளியே, ஒரு கப்பல் விளக்கேற்றிக்கொண்டு நின்றது. அதை மட்டும் பார்த்தாள்.

சக்கரம் "ம்ம்ம்" என்றது.

ஆட்டம் நின்றது. உடம்பு லேசானது. காற்று இரண்டு பக்கமும் தண்ணீர் போல விலகியது. வானம் மாதுளை நிறமாக இருந்தது. உப்பும் கருவாடும் கடலும் கலந்த மணம். கால் தரையில் படவில்லை. சத்தமும் இல்லை. சிமெண்ட் தளம் மணல் போல வெளுத்துக் கிடக்க, அதன் மேல் அவளுடைய நீளமான நிழல் மட்டும் கூட வந்தது. இரண்டு மீன்கள் போல அவளும் நிழலும் போனார்கள்.

ஓடிவந்த மாமா மூச்சு வாங்கி நின்றுவிட்டார். பிலோமிக்கு அது தெரியாது.

தளத்தின் முடிவில் தண்ணீர்த் தொட்டி வந்தது. அவள் பின்னால் மெல்லச் சாய்ந்தாள். சக்கரம் மெதுவானது. ஒரு காலை ஊன்றி, இறங்கி, கயிற்றை இழுத்துப் பிடித்து நின்றாள்.

அப்பா நடந்து வந்தார். அவர் கண்கள் கடலைப் பார்த்தன.

"கீழ அப்படித்தான் இருக்கும்" என்றார் மெதுவாக.

"தெரியும்பா" என்றாள் பிலோமி.

அம்மாவும் வந்தார். பிலோமியைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு தம்பியிடம் திரும்பினார்.

"ஏலே, அந்தப் பெரிய பைய எங்க வச்சிருக்கே?"

"வீட்டுலதான்க்கா, குடிலுக்குப் பின்னால. எதுக்கு?"

"நாளைக்கு மாட்டிக்கிட்டு நீயும் ஏறு. முதல்ல எப்படி இறங்குததுன்னு பிலோமி சொல்லித் தருவா. சக்கரம் இங்கனதான் இருக்கும், நீ மட்டும் கப்பலுக்குப் போவ."

ரெக்சன் மாமா மறுநாள் ஏறினார். விழவும் செய்தார். விழுந்துவிட்டு, "அக்கா, விழுந்தேன், வலிக்கல" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

அதற்குள் இசக்கிராஜா அண்ணாச்சி டீ ஆற்றிக்கொண்டே ஒரு கதையை ஊருக்குள் விட்டிருந்தார். "இன்னாசி மவ ஒத்தச் சக்கரத்துல ஏறுனா பாரு. ஒரு தடவைகூட விழல. நேரா துறைமுக வாசல்வரைக்கும் காத்து மாதிரி போயிட்டு வந்துட்டா. சங்கு குளிக்கிற ரத்தம்லா!" இன்றைக்கும் அந்தத் தெருவில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அது உண்மையில்லை. அண்ணாச்சி அங்கே இல்லை. பிலோமி துறைமுக வாசல்வரை போகவில்லை. தளத்துத் தண்ணீர்த் தொட்டிவரைதான் போனாள். விழாமலும் இல்லை. நிறையத் தடவை விழுந்தாள். முழங்கால் கவசத்தில் கீறல்கள் இருக்கின்றன; வீட்டுக்கு வந்தால் யாரும் பார்க்கலாம். சும்மா உட்காரவில்லை. விழுந்தாள்.